அந்தந்தக் கடைக்கு அந்தந்த நேரம்

ஜூன் 10, விருதுநகர்

திருப்பூரிலிருந்து மதுரை வரைக்கும் வெறும் வெயில்தான். மதுரை தாண்டியதும் அனல்காற்றும் சேர்ந்துகொண்டது. பஸ் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் முகம் காய்கிறது. விருதுநகரில் இறங்கும்போது மணி ஐந்து.

எனக்கும் தங்கச்சிக்கும் இது வெகுநாள் ஆசை. தெற்கே எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் கூடவே ஒரு பண்டத்தின் பெயரும் வரும். சாத்தூர் சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், தூத்துக்குடி மக்ரூன். எல்லாமே எங்கள் தெருக்கோடி பேக்கரியில் பாக்கெட்டில் தொங்குகின்றன. எந்த ஊரில் அடித்த பாக்கெட்டோ தெரியாது. அந்தந்த ஊருக்கே போய், அந்த ஊர்க்காரர் நடத்தும் கடையில், செய்கிறவர் முன்னால் நின்று வாங்கித் தின்ன வேண்டும் என்றுதான் கிளம்பினோம்.

விடுதி மேலாளரிடம் பரோட்டாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டோம். பர்மா கடை வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயர். அவர் அதைச் சொல்லிவிட்டு, "கூட்டம் வேண்டாம்னா பின்னாடித் தெருவுல ஒண்ணு இருக்கு, போர்டு இருக்காது, ஏழு மணிக்கே போயிருங்க, எட்டரைக்கு மேல போனீகன்னா சுக்கா தீந்துரும்" என்றார்.

ஏழு மணிக்குப் போய் நின்றோம். விருதுநகர் பரோட்டா கல்லில் வேகிற பரோட்டா இல்லை, எண்ணெயில் பொரிவது. விளிம்பு சரிந்து நடுவில் குழிந்த அகலமான இரும்புச் சட்டி. குழியில் எண்ணெய் கொதிக்கிறது, சரிவில் வெந்த பரோட்டாக்கள் எண்ணெய் வடிந்தபடி வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. மாஸ்டர் எலுமிச்சம்பழ அளவு உருண்டையை எடுத்து, வீசி, கொசுவி, சுருட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிக் குழியில் விடுகிறார். அது முங்கி எழும்போது ஓரமெல்லாம் பூத்து வருகிறது. ஒரு கை அளவுதான் இருக்கும். நொறுங்குகிற பதத்தில் எடுத்து, அடுக்கி, இரண்டு கையாலும் அடித்து, இலையில் போட்டார். நான் பிய்க்கப் போனபோது பரிமாறுகிறவர் தடுத்துவிட்டார். "சூடும்மா, கையை வைக்காதீக." அவரே பிய்த்துப் போட்டு, அது மூழ்குகிற அளவுக்குச் சால்னா ஊற்றினார்.

மேலடுக்கு சால்னாவில் ஊறியும் ஊறாமலும் மொறுமொறுவென்று இருக்கிறது, உள்ளடுக்கு பஞ்சு. சுக்காவில் மிளகு தூக்கலாக இருந்தது. ஒரு பரோட்டா 20 ரூபாய். கடையில் எங்களைத் தவிர எல்லாரும் ஆண்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் உட்கார இடம் தேடியபோது பெரியவர் ஒருவர் தன் இலையோடு எழுந்து அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பண்பு மனதில் நின்றுவிட்டது.

எட்டே முக்காலுக்கு ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. சுக்கா இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 11, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்

காலையில் விருதுநகர் பஜாரில் ஒரு சுற்று. பருப்பு, மல்லி, வற்றல், எண்ணெய் எல்லாவற்றுக்கும் தெற்கு வட்டாரமே இந்த ஊர் விலையைப் பார்த்துத்தான் விலை வைக்கும். வற்றல் மூட்டை பிரிக்கிற கடை முன்னால் தும்மாமல் நடக்க முடியாது. தங்கச்சி தும்மிய தும்மலுக்கு ஒரு கடைக்காரம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைகளுக்குக் கணக்கே இல்லை. ஆண்டாள் கோயிலைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் போர்டு. 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ப் பண்டம் என்கிற அரசுப் பதிவு, கிடைத்த பிறகு போர்டுகளில் அதையும் எழுதிக்கொண்டார்கள். இவற்றில் எல்லாரும் தாங்களே காய்ச்சுவதில்லை, வாங்கி விற்கிறவர்களும் உண்டு. காய்ச்சுகிற கடையைக் கண்டுபிடிக்க, பின்பக்கம் புகை வருகிறதா என்று பார்த்தால் போதும். கோபுர வாசலில் பூ விற்கிற அம்மா சொல்லிக்கொடுத்த வழி இது.

அப்படிப் புகை வந்த ஒரு கடையில் கேட்டதும் கூச்சமில்லாமல் உள்ளே விட்டார்கள். வரிசையாக அடுப்புகள், விறகுத் தீ. ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புச் சட்டி. பத்து லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை, வேறு எதுவும் கிடையாது. ஏலக்காய் போட்டால்கூட அது வேறு பண்டம் என்கிறார்கள். கிளறுகிற அண்ணன் நீளத் துடுப்பைச் சட்டியின் அடியோடு ஒட்டி இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு விநாடி நிறுத்தினாலும் அடிப்பிடித்த வாடை முழுச் சட்டிக்கும் ஏறிவிடுமாம். முதலில் பால் நுரைத்துப் பொங்குகிறது. பிறகு அடங்கி, மஞ்சள் ஏறி, துடுப்பு போன வழியில் சட்டியின் அடி தெரிய ஆரம்பிக்கிறது. சர்க்கரை போட்டதும் மறுபடி இளகுகிறது. கடைசிப் பத்து நிமிடம்தான் கையின் வித்தை. துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது தீயை இழுத்துவிட்டுச் சட்டியை இறக்குகிறார்கள். அத்தனை பாலும் மூன்று, மூன்றரைக் கிலோவாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தச் சூட்டோடு ஒரு துண்டு வாழையிலையில் வைத்துக் கொடுத்தார்கள், 20 ரூபாய். நாக்கில் மணல்மணலாகப் பட்டுக் கரைகிறது, பின்னால் மெலிதாக ஒரு தீய்ந்த மணம். ஊரில் பாக்கெட்டில் வாங்கிய எதிலும் இந்த மணம் இருந்ததில்லை. கேஸ் அடுப்பில் செய்தால் வேலை பாதி, ஆனால் இந்த மணம் வராது என்றார் அந்த அண்ணன். அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பால் தெறித்த தழும்புகள். அரைக் கிலோவை 200 ரூபாய்க்கு வாங்குகிறபோது விலை அதிகம் என்று பேரம் பேசுகிறவர்கள் இந்த அடுப்படியில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்.

சாத்தூர் பஸ்ஸில் ஏறும்போது "ஊருக்குள்ள போகுமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன். போகும் என்று சொல்லி டிக்கெட் கிழித்த நடத்துநர், நாற்கரச் சாலையிலேயே இறங்கச் சொல்லிவிட்டார். உச்சி வெயில், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கையில் பால்கோவா. பெண்களை இப்படி நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போவது இந்தத் தடத்தில் வழக்கமாம், உள்ளூர்க்காரர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. இதை வழக்கம் என்று விட்டுவிடக் கூடாது. புகார் எண்ணுக்கு அங்கேயே நின்று பேசினேன். ஒரு சரக்கு ஆட்டோக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "வெள்ளரிக்கா வாங்கித் தின்னுட்டுப் போங்க, சூடு தணியும்" என்று பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு, மிளகாய்ப் பொடியும் உப்பும் தடவி, கட்டு 20 ரூபாய். அந்த நேரத்துக்கு அமிர்தம்.

சேவுக் கடையில் அப்போதுதான் மதிய ஈடு இறங்கிக்கொண்டிருந்தது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியின் மேல் துளைக் கரண்டியை வைத்து, மாவைக் கையால் தேய்க்கிறார்கள். எண்ணெய் ஆவி நேராகக் கையில் அடிக்கிறது. அச்சில் பிழிந்தால் ஒரே சீராக விழும், தேய்த்தால்தான் குட்டையும் நெட்டையுமாக விழுந்து உள்ளே பொரபொரப்பாக வரும். காரச்சேவு, மிளகுச்சேவு, பூண்டுச்சேவு, சீனிச்சேவு, கருப்பட்டிச்சேவு. பூண்டுச்சேவில் நசுக்கிய பூண்டின் தோல்கூடத் தட்டுப்பட்டது. கடைக்காரத் தாத்தா ஒரு காலத்தில் பேனா நிப்பு பட்டறை வைத்திருந்தவர். சாத்தூர் நிப்பு அப்போது நாடெங்கும் போகும். பால்பாயிண்ட் பேனா வந்து பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. "நிப்பு போச்சு, சேவு நிக்குது" என்றார்.

ஜூன் 12, கோவில்பட்டி, பிறகு வழியில்

கரிசல் காட்டில் மழை பெய்து பல நாளாயிற்று போல. வெடித்த மண், வேலிக் கருவேலம், தூரத்தில் காற்றாலை.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனிகள் வீட்டோடு சேர்ந்த கொட்டகைகளில் நடக்கின்றன. ஆதியில் கருப்பட்டிப் பாகில்தான் செய்திருக்கிறார்கள், பிறகு வெல்லத்துக்கு மாறியிருக்கிறது. 2020இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்துத் தோல் நீக்கி உடைத்த கடலையைப் பாகில் கொட்டிப் புரட்டி, மரப்பலகையில் கவிழ்த்து, சூடு ஆறுவதற்குள் உருளையால் தேய்த்து, கோடு போட்டு வெட்டிவிட வேண்டும். எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்களே. ஆறிவிட்டால் கத்தி இறங்காது, நொறுங்கும். நாலு பெண்கள் பலகையைச் சுற்றி நின்றுகொண்டு, பேச்சும் சிரிப்புமாக, கை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. மேலே தேங்காய்ப்பூ தூவுவது பழைய வழக்கம், நாங்கள் போன இடத்தில் இன்னும் தூவுகிறார்கள். வெட்டும்போது உதிர்ந்த தூளை ஒரு பேப்பரில் மடித்து, "இது விக்கிறதில்ல, தின்னுங்க தாயி" என்று கையில் திணித்தார் ஒரு பாட்டி. வாங்கிய மிட்டாயைவிட அந்தத் தூள் எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் நெல்லை அல்வாவுக்குக் கணக்குப் போட்டுத்தான் மூன்று மணிக்கே பஸ் ஏறினோம். கயத்தாறு தாண்டியதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. மாற்று பஸ் வர ஒன்றரை மணி நேரம். டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் கதவு அடைத்தாயிற்று. வாசலில் நின்றிருந்த ஒருவர், "ஆறரைக்கே முடிஞ்சிட்டும்மா. நாளைக்கு நாலுக்கெல்லாம் வந்துருங்க" என்றார். பக்கத்தில் பத்துக் கடைகளில் அல்வா இருந்தது. ஆனாலும் நாளை வரை பொறுப்பது என்று முடிவு செய்தோம்.

ஜூன் 13, திருநெல்வேலி

விடுதிப் பக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, எங்கள் பேச்சில் வந்த 'ங்க'வைக் கேட்டுவிட்டு, "கோயம்புத்தூர்ப் பக்கமா? எங்க சொதி சாப்பிட்டிருக்கியளா?" என்றார். இல்லை என்றோம். அவர் காட்டிய மெஸ்ஸில் சொதி வாரத்தில் ஒரு நாள்தான், அதுவும் முதல் நாளே சொல்லி வைத்தவர்களுக்கு. எங்கள் நல்ல நேரம், சொல்லி வைத்த இரண்டு பேர் வரவில்லை.

சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. பாலை மூன்று தடவை பிழிந்து தனித்தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் வேகும். இரண்டாம் பாலும் பாசிப்பருப்பும் பிறகு சேரும். முதல் பால் கடைசியில், அடுப்பை அணைக்கிற நேரத்தில். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்காமல் இருக்கத்தான் இஞ்சி என்று பரிமாறிய அம்மா விளக்கினார். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து இது. வெள்ளைச் சோற்றில் வெள்ளைக் குழம்பு, பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். வாயில் வைத்ததும் பச்சைமிளகாயின் காரம் மெதுவாக எட்டிப் பார்க்கிறது. எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பில் வளர்ந்த நாக்குக்கே இது பிடித்துப்போனது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க, சொதிய கையில அள்ளிக் குடிக்கணும்" என்று அந்த அம்மா விடவே இல்லை. சாப்பாடு 150 ரூபாய்.

நாலு மணிக்கு இருட்டுக்கடை வரிசை. ராஜஸ்தானிலிருந்து வந்து தங்கிய ராஜபுத்திரக் குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடத்துகிற கடை. பெயர்ப்பலகை கிடையாது, மாலையில் சில மணி நேரம் மட்டும் வியாபாரம். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிண்டுகிற அல்வா. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் துபாய் போகிற மகனுக்காக வந்திருந்தார். பின்னால் ஒரு கல்லூரிப் பையன், தினமும் கையல்வா தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவானாம். வியர்வையில் சட்டை நனைந்து ஒட்டுகிறது, ஆனால் வரிசையில் ஒருவரும் இடையில் நுழையவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தியை எல்லாருமாகச் சேர்ந்து முன்னால் அனுப்பி வைத்தார்கள்.

இலையில் சூடாக விழுந்த அல்வா விரலில் நிற்காமல் வழுக்குகிறது. மெல்லவே வேண்டாம். விரலிடுக்கில் நெய் வழிந்து மணிக்கட்டு வரை போனது. கல்லூரிப் பையன் பக்கத்துக் கடையில் மிக்சர் வாங்கி எங்கள் கையிலும் கொஞ்சம் போட்டான். "அல்வா தின்னுட்டு ஒரு வாய் காரம் போட்டாத்தான் இன்னொரு அல்வா இறங்கும்" என்றான். நியாயம்தான், இறங்கியது.

ஜூன் 14, பத்தமடை, கல்லிடைக்குறிச்சி

மேற்கே போகப் போகக் காற்று மாறிவிடுகிறது. சேரன்மகாதேவிப் பக்கம் வாழையும் நெல்லும். மலைப்பக்கமிருந்து சாரல் காற்று. கரிசலில் காய்ந்த உடம்புக்கு மருந்து மாதிரி இருந்தது.

பத்தமடைப் பாய்க் கடை என்று பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரு வீட்டுத் திண்ணை, உள்ளே தரையோடு தரையாகத் தறி. லெப்பைமார் என்கிற முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்து வரும் தொழில். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்து, காயவைத்து, நார்நாராகக் கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, மறுபடி காயவைக்கிறார்கள். நன்றாக ஊறினால்தான் கோரை மெலிந்து வளையும். தண்ணீர் ஓடாமல் நின்றால் அழுகிவிடும். ஆற்றுக்கும் இந்தப் பாய்க்கும் உள்ள உறவு இந்த ஊறலில் இருக்கிறது.

தறியில் ஒரு சித்தியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பாவு நூல் முடிபோல மெலிது. ஒருவர் குச்சியில் ஒற்றைக் கோரையைச் செருகி நுழைக்க, மற்றவர் பலகையை இழுத்து நெருக்குகிறார். ஒரு கோரை, ஒரு நெருக்கல். நான் பார்த்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் ஒரு விரல்கடை அளவு நீண்டிருந்தால் அதிகம். நெய்துகொண்டிருந்தது கல்யாணப் பாய். மணமக்கள் பெயர்கள் ஓரத்தில் சிவப்புக் கோரையில் எழுத்தெழுத்தாக வந்துகொண்டிருந்தன. உயர்ந்த ரகப் பாயை வேட்டி மாதிரி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், கோடு விழாது. அந்த ரகம் முடிய மாதக்கணக்கு ஆகிறது. 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனதை இன்னமும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

விலை கேட்டேன். சாதாரண ரகம் 800 ரூபாயில் ஆரம்பிக்கிறது, மெல்லிய ரகம் ஏழெட்டாயிரம். "பிளாஸ்டிக் பாய் இருநூறு ரூவாய்க்குக் கிடைக்கு, எங்ககிட்ட யார் வருவா? கலியாணத்துக்குக் கேக்கிறவுகதான்" என்றார் சித்தி. மகள் பி.காம். முடித்திருக்கிறாள், வேலை கிடைக்கும் வரைக்கும்தான் தறியாம். மாதக்கணக்கில் இரண்டு பேர் குனிந்து செய்த வேலைக்கு ஏழாயிரம் என்பது அதிகம் இல்லை, குறைவு. தங்கச்சி நடுத்தர ரகத்தில் ஒன்று எடுத்துக்கொண்டாள். பேரம் பேசவில்லை. "சாயா குடிச்சிட்டுத்தான் போவிய" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். உளுந்து மாவு, உப்பு, பெருங்காயம், பிரண்டைச் சாறு. காற்றில் பறக்கிறது என்று அன்றைக்குக் காயப்போடவில்லை, செய்கிற வேலையை நாங்கள் நின்று பார்க்க முடியவில்லை. நூறு அப்பளம் வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். நடுத்தர ரகம் மடங்காது, சுருட்டித்தான் கொண்டுபோக வேண்டும். பாயைச் செங்குத்தாகப் பிடித்தால் கூரையில் இடிக்கிறது, படுக்க வைத்தால் மற்றவர்கள் காலில். ஓரத்து இருக்கைத் தாத்தா தன் மடியில் குறுக்கே வாங்கி வைத்துக்கொண்டார். நெல்லை வரைக்கும் அதை அசையவிடவில்லை. இறங்கும்போது, "பத்தமடைதானே? மடங்காம பாத்துக்கிடுங்க, ஓரம் ஒடிஞ்சா சரியாகாது" என்று எச்சரித்துக் கொடுத்தார்.

ஜூன் 15, தூத்துக்குடி

உப்புக் காற்று, எரிக்கிற வெயில். ஊருக்குள் நுழையும் முன்பே உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. குவியல் குவியலாக உப்பு, மேலே பனையோலை மூடாக்கு.

மக்ரூனுக்குப் பழைய பேக்கரிகள் சிலவற்றில் ஏறி இறங்கினோம். போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் முத்துக்கு வந்து இந்தக் கடற்கரையில் நிலைகொண்டார்கள். மக்ரூன் அவர்கள் வழியாக வந்தது என்பார்கள், முந்திரியும் அவர்கள் கொண்டுவந்த மரம்தான். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித்தூள், இவ்வளவே மக்ரூன். வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்து, நுரை கெட்டியாகி நிமிர்ந்து நிற்கும்போது முந்திரித்தூளைத் தூவி லேசாகப் புரட்டி, கூம்பு கூம்பாகத் தாளில் பிழிந்து, தணிந்த சூட்டு அடுப்பில் மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வேகுவது என்பதைவிட உலர்வது என்று சொல்லலாம். நல்ல மக்ரூன் பல்லில் பட்டதும் உடைந்து, உடனே கரைந்து, முந்திரி மட்டும் மிஞ்சும். பல்லில் ஒட்டினால் சர்க்கரை கூடிவிட்டது, அல்லது காற்று பட்டுவிட்டது. கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். முந்திரி விலைக்கு வேறு வழியில்லை. மலிவாகக் கிடைத்தால் அதில் கடலை இருக்கும் என்று பேக்கரிக்காரரே எச்சரித்தார்.

மழை நாளில் இங்கே மக்ரூன் போடத் தயங்குவார்களாம், ஈரத்தில் நமுத்துவிடும். வாங்கியதைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, அதைத் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டோம். இருந்தும் பாதி கூம்பின் நுனி உடைந்துதான் ஊர் போய்ச் சேரும்.

இரவில் ஒரு மீன் கடை, விளமீன் குழம்பு. நன்றாக இருந்தது. கடைக்காரர் எங்களை அவசரப்படுத்தியதில் சாப்பாட்டின் ருசி பாதி போய்விட்டது. அடுத்த பந்தி நிற்கிறது என்பதற்காக இலையில் சோறு இருக்கும்போதே பில்லை வைப்பது எந்த ஊரிலும் முறையில்லை.

ஜூன் 16, உடன்குடி, முதலூர்

திருச்செந்தூர் வழியாக உடன்குடி. வழியெல்லாம் பனை. குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் மேட்டின் மண் காற்றில் கிளம்பி, பஸ்ஸுக்குள் எல்லார் தலைமுடியும் செம்பட்டையாகிவிட்டது.

ஒரு பதநீர்க் கொட்டகையில் காலை ஒன்பதுக்குப் போய் நின்றோம். பட்டையாக மடித்த பனையோலையில் ஊற்றிக் கொடுத்தார்கள், 40 ரூபாய். இனிப்பு, அடியில் சுண்ணாம்பின் லேசான காரம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பத்தரைக்கு மேல் மிச்சமிருப்பதெல்லாம் அடுப்புக்குப் போய்விடுமாம்.

அந்த அடுப்பையும் பார்த்தோம். கொதித்துப் பொங்குகிற பதநீரில் இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போட, நுரை அப்படியே அடங்குகிறது. பாகு இறுகி வரும்போது கிண்டுகிற அம்மா அகப்பையில் எடுத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், இன்னும் இல்லை என்று தலையசைத்தார். மூன்றாவது சொட்டில் சரி. வரிசையாக அடுக்கிய தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் ஐம்பத்தெட்டு வயதில் இன்னும் பனை ஏறுகிறார், காலையும் மாலையும். மகன்கள் சென்னையில் கடையில் நிற்கிறார்கள். "ஏற ஆள் இல்லம்மா, மரம் நிக்கி" என்றார்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நெடுஞ்சாலையோரம் அதே பெயரில் விற்பதில் சர்க்கரை கலந்தது நிறைய. பதநீரே வடியாத மாதங்களிலும் 'புதுக் கருப்பட்டி' கிடைத்தால் யோசிக்க வேண்டும். இங்கே ஒரு கடைக்காரர் இரண்டையும் எங்கள் முன்னால் உடைத்துக் காட்டினார். கலப்படம் உள்ளே கற்கண்டு மாதிரி மினுங்குகிறது. நல்லது மங்கல், கருத்த பழுப்பு, மோந்தால் புகையும் பனையும். நல்லது கிலோ 400, கலப்படம் 220. அந்த 180 ரூபாய் வித்தியாசத்தில்தான் மரம் ஏறுகிறவரின் பிழைப்பு இருக்கிறது. மலிவு என்று மற்றதை வாங்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

சாத்தான்குளம் போய், அங்கிருந்து முதலூர். மஸ்கோத் அல்வாவுக்கு இதைவிட்டால் வேறு ஊரைச் சொல்ல மாட்டார்கள். மைதாவை ஊறவைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுவது. நெய் ஒரு சொட்டுக் கிடையாது, தேங்காய்ப்பாலே எண்ணெய் விட்டுப் பிரியும் வரை கிண்டுகிறார்கள். இலங்கைக்குப் போய் வந்தவர் வழியாக இந்தப் பக்குவம் வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். கத்தியால் வில்லை போட்டால் பின்னாலிருக்கும் விரல் தெரிகிறது. நெல்லை அல்வா வழுக்கும், இது கடிக்கக் கடிக்க இழுக்கும். எனக்கு இதுதான் ஒரு படி மேல். தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை, இருட்டுக்கடையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். நெல்லை வரைக்கும் பஸ்ஸில் இதே வழக்கு ஓடியது. முன் சீட்டு அண்ணாச்சி திரும்பி, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கும், சண்டை போடாதிய" என்று தீர்ப்புச் சொன்னார்.

கருப்பட்டிக் கடைக்காரரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறோம். ஆடி பாதிக்கு மேல் புதுச் சரக்கு நின்றுவிடும், வேண்டுமானால் அதற்குள் சொல்லச் சொன்னார். தங்கச்சி ஐந்து கிலோ சொல்லியாயிற்று. தெருவில் யாருக்காவது வேண்டுமானால் இந்த வாரத்துக்குள் எங்களிடம் சொல்லுங்கள், சேர்த்தே வரவழைத்துவிடலாம்.